தனி வரிசை

'பிரேயர்' என்ற சொல்லைத் திருநெல்வேலிப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஒன்றிரண்டுகூடக் கடவுளைக் குறித்திருக்காது. பிரேயர் பெல், பிரேயர் கிரவுண்டு, பிரேயருக்கு லேட், பிரேயரில் மயக்கம் போட்டு விழுந்தவள், பிரேயரில் செய்தி வாசிக்கப் பேர் கொடுத்துவிட்டு அன்றைக்கு லீவு போட்டவன். அது ஒரு நேரம், ஒரு இடம், அவ்வளவுதான். அரசுப் பள்ளியின் காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து உண்டு, உறுதிமொழி உண்டு, ஒரு குறளும் பொருளும் உண்டு, அன்றைய செய்தி உண்டு, தலைமையாசிரியரின் அறிவுரையோ வசவோ உண்டு, முடிவில் நாட்டுப்பண். குறளின் முதல் அதிகாரம் வரும் நாளை விட்டுவிட்டால் கடவுளுக்கு இதில் வேலை இல்லை. ஆனாலும் ஆசிரியர்கள் எழுதும் தாள்களில் இதற்குக் 'காலை வழிபாட்டுக் கூட்டம்' என்றே பெயர். வழிபாடு எப்போதோ கழன்று போய், அதன் உடல் மட்டும் மைதானத்தில் நிற்கிறது: நிமிர்ந்த முதுகு, ஒட்டிய குதிகால், ஒரே நேரத்தில் எழும் பல நூறு குரல்.

அந்த உடலில் கவனிக்கத் தக்கது, பாட்டைவிட வரிசை. வகுப்புவாரியாக, வகுப்புக்குள் உயரப்படி. குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால். முன்னே நிற்பவரின் தோளை நோக்கிக் கை நீட்டி இடைவெளி பார்த்துக்கொள்ள வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று மனிதர்களைப் பிரித்து வைத்திருக்கும் ஊர்களிலிருந்து புறப்பட்டு வரும் பிள்ளைகளை உயரம் ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்துவது இந்தப் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. பள்ளியில் வழிபாடு இருக்கலாமா கூடாதா என்ற விவாதத்தைக் கடவுளுக்கும் அரசுக்கும் நடக்கும் வழக்காகவே நாம் பெரும்பாலும் நடத்துகிறோம். தாமிரபரணிக் கரையின் பள்ளி வரலாற்றை வைத்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் எளியது: பாடாத பிள்ளை எங்கே நிற்கிறது? அதே வரிசையில் வாய் மூடி நிற்க முடிந்தால் ஒரு கதை. வரிசையைவிட்டு வெளியே போனால்தான் பாடாமலிருக்க முடியும் என்றால் வேறு கதை. எனக்கென்று தனி வரிசை போடு என்று கேட்டால் அது மூன்றாவது கதை. மூன்றையும் 'மத உரிமை' என்ற ஒரே பையில் போட்டுக் குலுக்குவதால்தான் இந்த விவாதம் ஓரடி நகர மாட்டேன் என்கிறது.

விவாதத்துக்கு இங்கே ஏறத்தாழ நூற்றெண்பது வயது. 1840களில் திருநெல்வேலிச் சீமையில் மதமாற்றத்துக்கு எதிராகக் கிளம்பிய 'விபூதிச் சங்கம்' கிறிஸ்தவர்கள் குடியிருந்த ஊர்களுக்குள் புகுந்தது. மாறியவர்களின் நெற்றியில் வலிந்து திருநீறு பூசியது. 1845இல் அது கலவரமாகவே வெடித்து, வழக்குகள் சென்னைவரை போயின. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1846இல், சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபு அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாட நூலாக வைக்கலாம் என்று யோசனை சொன்னார். 'கிரெசென்ட்' பத்திரிகை நடத்திய காஜுல லட்சுமிநரசு செட்டி சென்னையில் இந்துக்களைக் கூட்டி எதிர்ப்பு மனு எழுதினார். கம்பெனியின் லண்டன் இயக்குநர்களே ஆளுநரின் யோசனையைத் தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கு மதச்சார்பின்மையில் அப்படியொன்றும் பிடிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. வியாபாரத்துக்கும் ஆட்சிக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்ற கணக்குத்தான். ஆனால் 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை அந்தக் கணக்கிலிருந்து ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தது. அரசுப் பள்ளியின் நூலகத்தில் பைபிள் இருக்கலாம். மாணவன் தானாக வந்து கேட்டால் ஆசிரியர் விளக்கலாம், அதுவும் பள்ளி நேரத்துக்கு வெளியே. மிஷன் பள்ளிகளுக்கு மானியம் உண்டு. அங்கே என்ன மதபோதனை நடக்கிறது என்று ஆய்வாளர் கேட்க மாட்டார். நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவை வாசிக்கும்போது இந்தப் பழைய தாளின் நிழல் அதன்மேல் விழுவதைப் பார்க்கலாம்.

மானியம் வாங்கிய அந்தப் பள்ளிகளைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு தேரிக்காட்டுப் பக்கமும் ஆற்றங்கரை ஊர்களிலும் எழுந்த எத்தனையோ கட்டடங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடமாகவும் மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகவும் இருந்தன. உபதேசியாரே வாத்தியார். வேறெந்தத் திண்ணையிலும் ஏற முடியாத பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், அ, ஆவன்னாவை ஜெபத்தோடு சேர்த்துத்தான் படித்தார்கள். பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது, அந்தப் பெருமையின் அடியில் ஒரு ஜெபம் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் டி.டி.டி.ஏ. பள்ளி, ஆர்.சி. பள்ளி என்று ஊர் வாய் சொல்லும் உதவிபெறும் பள்ளிகளில் காலைக் கூட்டம் ஜெபத்தோடு தொடங்குவது இந்தத் தொடர்ச்சிதான். வழிபாடு என்றாலே ஒடுக்குமுறை என்று சொல்லும் பகுத்தறிவுக்காரர் இந்த வரலாற்றுக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ஜெபம் இருந்ததால் கல்வி கிடைத்தது என்று சொல்லும் பக்தருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: ஜெபத்தைக் கூலியாகக் கேட்காத பள்ளி அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே போயிருப்பார்கள்?

மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாகத் திருநெல்வேலி நகரத்தில் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஒரு பள்ளியை வளர்த்தார்கள், பின்னாளின் ம.தி.தா. இந்துக் கல்லூரி அதுதான். 1870களின் இறுதியில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஆலப்புழையில் பிறந்த ஓர் இளைஞர், பெ. சுந்தரம் பிள்ளை. தாமிரபரணிக் கரையிலுள்ள கோடகநல்லூரின் சுந்தர சுவாமிகள் அவருக்குக் குரு. 1891இல் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தில் பாண்டியன் மதுரையைவிட்டுத் திருநெல்வேலிக்கு வந்து கோட்டை கட்டுகிறான். குருவின் பெயரில் ஒரு முனிவரும் வருகிறார். அந்த நாடகத்தின் பாயிரத்தில் உள்ள பாட்டுத்தான் இன்று மாநிலத்தின் அத்தனை பள்ளிகளிலும் ஒலிக்கிறது. 1970இல் அரசு அதை விழாக்களின் தொடக்கப் பாடலாக எடுத்துக்கொண்டபோது சில வரிகளைக் கத்தரித்தது. ஆரியம் வழக்கொழிந்தது என்ற பொருள்பட வருவதும், தென்னாட்டு மொழிகள் தமிழின் வயிற்றில் பிறந்தவை என்பதும் போயின. அதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். கூடவே போன இன்னொன்றை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. உலகைப் படைத்துக் காத்து அழித்தாலும் தான் மாறாதிருக்கும் பரம்பொருளோடு தமிழை ஒப்பிடும் இடம் அது. சைவர் எழுதிய கடவுள் வாழ்த்திலிருந்து கடவுளை எடுத்துவிட்டு வாழ்த்தை வைத்துக்கொண்டார்கள். அரசுப் பள்ளிக் காலைக் கூட்டத்தின் முழு இலக்கணமும் இந்த ஒரு வெட்டில் இருக்கிறது. யாரும் திட்டமிட்டு மதச்சார்பின்மைக் கொள்கை வகுக்கவில்லை. ஒரு பாட்டைச் சுருக்கினார்கள், எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்தார், கொள்கை தானாக உருவாகிவிட்டது.

அப்படி உருவான சமரசத்தில் ஒரு மென்மை இருந்தது. அது 'வழிபாட்டுப் பாடல்' என்ற பெயரில் இருந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த ஒரு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின்போது காஞ்சி மடத்து விஜயேந்திரர் எழுந்து நிற்காமல் அமர்ந்திருந்தார். அதைக் கண்டித்து இராமேசுவரத்தில் மடத்தின் கிளைக்குள் நுழைந்தவர்கள்மீது வழக்குப் பதிவானது. 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த வழக்கை ரத்து செய்தார். செய்யும்போதே, இது வழிபாட்டுப் பாடல், நாட்டுப்பண் போன்றதன்று, எழுந்து நிற்கச் சொல்லும் சட்டமோ ஆணையோ இல்லை என்றும் எழுதினார். துறவி தியான நிலையில் அமர்ந்திருப்பதும் மரியாதைதான் என்பது அவர் வாதம். சில நாட்களுக்குள், டிசம்பர் 17 அன்று, அரசு பாட்டை 'மாநிலப் பாடல்' ஆக்கி ஆணையிட்டது: 55 வினாடிகளில் முல்லைப்பாணியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இந்தத் திருப்பத்தில் உள்ள விசித்திரத்தைச் சற்று நின்று பார்க்கலாம். வழிபாடு என்று இருந்தவரை உட்கார்ந்திருக்க இடம் இருந்தது. வழிபாடு அல்ல என்று ஆனவுடன் கட்டாயம் வந்துவிட்டது. பள்ளியிலிருந்து மதத்தை அகற்றினால் நிர்ப்பந்தமும் தானே அகன்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த 55 வினாடிகளை மறந்துவிடக் கூடாது. அந்தத் துறவி எழுந்து நின்றிருக்கலாம் என்பதே என் எண்ணம். நிற்பதில் அவருக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அதற்காக அவரை நிற்கவைக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்று ஆகிவிடாது.

நிற்பதற்கும் பாடுவதற்கும் நடுவே உள்ள மெல்லிய கோட்டை நம் நீதிமன்ற வரலாற்றில் துல்லியமாகப் போட்டவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர், கோட்டயம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றின் மூன்று பிள்ளைகள். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த அவர்கள் நாட்டுப்பண் ஒலிக்கும்போது தினமும் மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை. வருடக்கணக்கில் யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது; சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது; விசாரித்தவர்கள் பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள் என்று அறிக்கை தந்தும் 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, நின்றதே போதும், பாடாததற்காகத் துரத்துவது செல்லாது என்று தீர்த்தார். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் இதன் சாரத்தை மைதான மொழியில் சொன்னால், வாயைத் திறக்காத பிள்ளைக்கும் வரிசையில் இடம் உண்டு. 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் பள்ளிகளில் வாரம் ஒருமுறை வந்தே மாதரம் பாட வேண்டும் என்று சொன்னபோதுகூட, தகுந்த காரணம் உள்ளவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. (அந்த வழக்கு கிளம்பிய இடம் வேடிக்கையானது: அந்தப் பாட்டு முதலில் எழுதப்பட்டது வங்கத்திலா சமஸ்கிருதத்திலா என்று ஆசிரியர் தேர்வில் கேட்ட ஒரு மதிப்பெண் கேள்வி.)

வெளியே பார்த்தாலும் சிக்கல் இந்த இடத்தில்தான் முடிச்சு விழுகிறது. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் எந்த மதத்தவரும் சொல்லக்கூடியதாக 22 சொற்களில் ஒரு ஜெபத்தை எழுதிக் கொடுத்தது. விரும்பாதவர் சொல்லாமலிருக்கலாம், வெளியே போய்விடலாம் என்றும் சொன்னது. 1962இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. ஜெபம் எழுதுவது அரசின் வேலை அல்ல என்பது காரணம். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டம் தினசரிக் கூட்டு வழிபாட்டைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் வேண்டாம் என்று சொன்னால் பிள்ளை விலகியிருக்கலாம். அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது. கேட்க இதமாகத்தான் இருக்கிறது, மற்ற பிள்ளைகள் மண்டபத்துக்குப் போகும்போது ஒரு பிள்ளை மட்டும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைக்கும்வரை. விலக்கு என்பது பல நேரங்களில் அடையாளம் குத்துவதற்கு இன்னொரு பெயர். நம் நாட்டில் கேந்திரிய வித்யாலயாக்களின் சமஸ்கிருதப் பிரார்த்தனை பற்றிய வழக்கை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அரசியலமைப்பு அமர்வுக்கு அனுப்பியது. அது உபநிடத வரி என்று நீதிபதி சொன்னபோது, இந்த நீதிமன்றத்தின் சின்னத்திலேயே மகாபாரத வரி இருக்கிறதே என்று அரசுத் தரப்பு திருப்பிக் கேட்டது. சாமர்த்தியமான பதில்தான். ஆனால் நீதிமன்றச் சுவரில் உள்ள வரியை அங்கே வருகிறவர் யாரும் கைகூப்பி உரக்கச் சொல்ல வேண்டியதில்லையே.

28ஆம் பிரிவு மூன்று வகைப் பள்ளிகளைப் பிரிக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடப்பதில் மதபோதனை கூடாது. அறக்கட்டளை நிபந்தனைப்படி அரசு நிர்வகிப்பதற்கு விதிவிலக்கு உண்டு. அங்கீகாரமோ உதவியோ மட்டும் பெறுவதில் போதனையும் வழிபாடும் இருக்கலாம், ஆனால் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அதில் சேர்க்கக் கூடாது. ஒரே வகுப்பறையில் பல மதத்துப் பிள்ளைகள் இருக்கும்போது யாருடைய மதத்தைச் சொல்லிக் கொடுப்பது என்று 1948இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எழுப்பிய நடைமுறைக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. பாளையங்கோட்டைக்கு முக்கியம் மூன்றாவது வகை. உதவிபெறும் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கோ மறைக்கல்விக்கோ ஒரு அறைக்குப் போக, மற்றவர்கள் நீதிபோதனைக்கு இன்னொரு அறைக்குப் போவது வழக்கம். ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. காலை ஜெபத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் அப்பா போடும் கையெழுத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொள்வது சட்டத்தின் எழுத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். மேலப்பாளையத்திலிருந்து வரும் பிள்ளைக்கும் சிவன் கோயில் தெருவிலிருந்து வரும் பிள்ளைக்கும் அது போதாது. நல்ல பள்ளியில் இடம் கிடைப்பதே பாடாக இருக்கும் ஊரில், கூட்டத்தோடு கூட்டமாகப் போடும் கையெழுத்தில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு? சிறுபான்மை நிறுவனங்கள் தங்கள் பள்ளியில் ஜெபிக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. 30ஆம் பிரிவு அலங்காரத்துக்கு எழுதப்பட்டதன்று. ஜெபிக்காத பிள்ளைக்கும் அது தன் பள்ளிதான் என்பதைத் தலைமையாசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான் கேட்பது. கையெழுத்து பெற்றோருக்கு; இந்த ஒரு வாக்கியம் பிள்ளைக்கு.

இதுவரை சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்த ஒருவர், அப்படியானால் மனசாட்சி என்று சொல்லி யார் எதிலிருந்து விலகினாலும் விட்டுவிடுவதா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைத் தாமிரபரணிக் கரை ஒருமுறை மிக விலை கொடுத்துச் சந்தித்திருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கி, சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், ஐயர் இணங்கினார். தேசியக் கல்விக்கென்று தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்திருந்தது. பொதுப் பணம் வாங்கிய இடத்தில் பந்தி வேற்றுமையா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். காந்தி சமரசம் பேசினார். பலிக்கவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசத்தில் அருவியில் தவறிய மகளைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்டார். பெற்றோரின் கோரிக்கையைச் சட்ட மொழியில் எழுதினால் அது மனசாட்சி விலக்குத்தான்: எங்கள் ஆசாரப்படி எங்கள் பிள்ளைகளுக்கு விலக்கு வேண்டும். கோட்டயத்துப் பெற்றோர் கேட்டதும் விலக்குத்தான். இரண்டும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரிகிறது. ஏன் அல்ல என்பதைத்தான் சொல்லிப் பழக வேண்டும். கோட்டயத்துப் பிள்ளை ஒரு பாட்டிலிருந்து விலகிக்கொண்டு மற்றப் பிள்ளைகளின் பக்கத்திலேயே நின்றது. சேரன்மகாதேவியில் கேட்கப்பட்டது மற்றப் பிள்ளைகளிடமிருந்தே விலக்கு. சொல்லிலிருந்து விலகலாம், செயலிலிருந்துகூட விலகலாம். பக்கத்தில் இருப்பவனிடமிருந்து விலக எந்த மனசாட்சிக்கும் பொதுப் பள்ளியில் உரிமை இல்லை. அவை இரண்டே பிள்ளைகள், சின்னப் பிள்ளைகள், மற்ற விஷயங்களில் ஐயர் சாதி பார்க்காதவர் என்றெல்லாம் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தனி இலை ஒன்று விழுந்ததும் மற்ற இலைகளின் பொருள் மாறிவிடுகிறது.

அந்தத் தனி இலைதான் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் இப்போது மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். வெளியூரிலிருந்து மாறுதலாகி வரும் ஆசிரியருக்குத் தெரியச் சில வாரம் ஆகும். கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறு என்றும் சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சௌகரியம். 2019இல் கல்வித் துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது; இந்துக் கலாசாரத்தில் கை வைக்கிறார்கள் என்ற கூச்சல் கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்ற ஒரு வரிதான் தொலைக்காட்சிகளில் பேசுபொருளானது. அந்தப் பெரிய அறிக்கையின் மற்றப் பரிந்துரைகளைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

கயிறு விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. அது மைதானத்தில் உயரப்படி நிற்கும் வரிசைக்குள்ளேயே ரகசியமாகப் போட்ட தனி வரிசை; சேரன்மகாதேவிப் பந்தியின் பேரப்பிள்ளை. நெற்றி அப்படியல்ல. குழுவின் வாதம் புரிகிறது: கயிற்றைத் தடுத்தால் பொட்டின் நிறத்திலும் வடிவத்திலும் சாதி ஏறி உட்காரும். அது வெறும் அச்சம் என்று தள்ளவும் முடியாது. திருநீற்றையே ஆயுதமாக ஏந்திய சங்கம் இதே மண்ணில் இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சங்கத்தின் குற்றம் திருநீறு அணிந்தது அல்ல, அடுத்தவன் நெற்றியில் பூசியது. வலிய பூசும் விரலும் வலிய அழிக்கும் விரலும் ஒரே விரல்தான். காலையில் அம்மா பூசி அனுப்பிய நீற்றை வாசலில் நின்று துடைத்துவிடச் சொல்லும் பள்ளி, பாடாமல் நிற்கும் பிள்ளையைப் பாடச் சொல்லும் பள்ளியைவிட எந்த விதத்தில் தாராளமானது? கயிற்றின் வேலை 'நீ யார்' என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்பது. நீறோ, கழுத்துச் சிலுவையோ, முக்காடோ பெரும்பாலும் 'நான் இன்னார்' என்பதோடு நின்றுவிடும். நிற்காமல் மிரட்டலாக மாறினால் அந்த மிரட்டலைத் தண்டிக்கலாம். இந்த வேறுபாட்டைத் தடையுத்தரவு பார்க்காது, ஆசிரியர் பார்ப்பார்; அதற்கு ஆசிரியர் அந்தக் கயிறுகளுக்கு வெளியே நிற்பவராக இருக்க வேண்டும் என்பது இன்னொரு பெரிய கவலை.

பிரார்த்தனை இருந்தால் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பார்கள் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். இருநூறு ஆண்டுகளாக ஜெபமும் தேவாரமும் வாழ்த்தும் மாறி மாறி ஒலித்த மாவட்டம் இது. பாடநூலின் முன்பக்கத்தில் தீண்டாமையை முதலில் பாவம் என்றும், அடுத்துப் பெருங்குற்றம் என்றும் அரசே அச்சிட்டு வைத்திருக்கிறது. (கடவுளைச் சொல்லாத அரசு 'பாவம்' என்ற சொல்லை மட்டும் கைவிட முடியாமல் வைத்திருப்பது கவனிக்கத் தக்கது.) இந்தியர் யாவரும் உடன்பிறந்தவர் என்ற உறுதிமொழியைக் காலைதோறும் சொல்லி வளர்கிறவர்கள் நம் பிள்ளைகள் எல்லோரும், அரிவாள் எடுத்த பையன்களும் அதற்கு விலக்காக இருந்திருக்க மாட்டார்கள். சொல்லவைப்பதால் எதுவும் உள்ளே இறங்கிவிடாது. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு என்ற பெயரில் மகாவிஷ்ணு என்பவர் பேசியதை நினைத்துப் பாருங்கள். குருகுலம், மந்திரம், முற்பிறவி என்று போன பேச்சு, உடற்குறையோடு பிறப்பதை முன்வினைப் பயனாகச் சொன்ன இடத்தில், பார்வைத்திறன் இல்லாத ஓர் ஆசிரியர் எழுந்து கேள்வி கேட்டார். மேடையிலிருந்தவர் அவரை மடக்கப் பார்த்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. ஆன்மிகம் என்று பொதுவாகப் பேர் வைத்துக்கொண்டு உள்ளே வருவது, உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையைப் பாவி என்று சுட்டப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாது. அரசுப் பள்ளியில் 28ஆம் பிரிவின் முதல் வரி இறுக்கமாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

மிஞ்சுவது கூர்மையான ஓர் ஆட்சேபம். ஆயிரம் பேர் பாடும்போது மௌனமாக நிற்கும் பிள்ளை உண்மையில் சுதந்திரமாகவா நிற்கிறது, நிற்பதே பாதிச் சம்மதம்தானே என்பது. அமெரிக்க நீதிபதிகள் சிலர் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். பன்னிரண்டு வயதில் நண்பர்களின் பார்வைக்குச் சட்டத்தைவிடப் பலம் அதிகம். அதனால்தான் பாடப்படுவது கடவுளின் பெயராக இருந்தால் அரசுப் பள்ளியில் அது வேண்டவே வேண்டாம் என்கிறேன். மௌனத்தின்மேல் ஏற்றும் பாரம் அங்கே அதிகம். மொழிக்கும் நாட்டுக்கும் பாடும்போது பாரம் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. வழி என்னவென்றால் வாய் அசையாத பிள்ளையை உற்றுப் பார்க்காமலிருப்பதுதான். கோட்டயத்தில் வருடக்கணக்கில் ஆசிரியர்கள் செய்தது அதைத்தான்; கண்ணில் படாததுபோல் இருந்தது அலட்சியம் அன்று, பழகிப்போன மரியாதை. கெடுத்தது வெளியிலிருந்து வந்த ஒரு ஜோடிக் கண். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், பாட விருப்பமில்லாதவர் சும்மா நிற்கலாம், காரணம் கேட்க மாட்டோம் என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட அரை நிமிடம் ஆகும். சுற்றறிக்கை எதுவும் தேவைப்படாது. இப்போதைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்து நிற்கும் தனி வரிசை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பாபநாசம் பஸ் பிந்தியதால் கேட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்களின் வரிசை அது. உள்ளே நாட்டுப்பண் தொடங்கியதும் அவர்களும் பையைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே அட்டென்ஷனில் நிற்கிறார்கள். யார் பாடுகிறார்கள், யார் பாடவில்லை என்று பார்க்க அங்கே ஆளில்லை.